கட்டத்துக்குள் நிற்கும் கடைசி எண்

இந்த அத்தியாயத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். காசிமேடு, டோல்கேட், எர்ணாவூர் என்று எங்கே ட்ரெய்லர் வரிசை நிற்கிறதோ அங்கே. ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் இந்த வண்டிகளைத் திட்டாமல் நம்மில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கன்டெய்னரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படித்தவர்கள் குறைவு. பின்கதவின் வலது மேல் மூலையைப் பாருங்கள். நான்கு எழுத்து, ஆறு எண், அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக இன்னும் ஓர் எண்.

தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில், பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி தன் அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஹார்பரில் டேலி கிளார்க்.

"இன்னாப்பா, கடைசி நம்பருக்கு மட்டும் பொட்டி கட்டி வச்சிக்கிறான்?"

"அதாம்மா செக் டிஜிட்டு. முன்னாடி இருக்கிறதுல ஒண்ணு தப்பா எழுதினாலும் இது காட்டிக் குடுத்துரும். கேட்டுல உள்ள வுட மாட்டான்."

"எப்பிடிக் காட்டிக் குடுக்கும்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும், நீ டீய குடி."

அவர் பாதியில் விட்டதை நாம் முடித்துவிடலாம். சி.எஸ்.கியூ.யு. 305438, கட்டத்துக்குள் 3 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்; பாடம் சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டுகிற எண் இது. முதல் மூன்று எழுத்து பெட்டியின் சொந்தக்காரரைக் குறிக்கும். நான்காவது எழுத்து யு என்றால் கன்டெய்னர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏ-க்கு 10, பி-க்கு 12, சி-க்கு 13 என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் 11ஆல் வகுக்கப் போவதால் 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிடுவார்கள். அந்தக் கணக்கில் நம் நான்கு எழுத்துகள் 13, 30, 28, 32. இவற்றோடு 3, 0, 5, 4, 3, 8 ஆகியவற்றையும் வரிசையாக எழுதி, முதலாவதை 1ஆலும், அடுத்தடுத்து 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவதை 512ஆலும் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 6185 வரும். 11ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள்ளும் 3.

இப்போது தப்புச் செய்து பார்ப்போம். அவசரத்தில் 305438 என்பதை 304538 என்று எழுதிவிட்டீர்கள். கூட்டுத்தொகை 6249 ஆகும், மீதி 1. கட்டத்தில் 3 நிற்கிறது. மாட்டிக்கொண்டது. (மீதி 10 வந்தால் கட்டத்தில் 0 போடுவார்கள். மீதி 0 வந்தாலும் 0தான். இந்தக் குழப்பத்துக்காகவே மீதி 10 வரும் எண்களை ஒதுக்கிவிடச் சொல்லியிருக்கிறார்கள்.)

பைத்தானில் இதை எழுத இருபது வரிகூட ஆகாது. ஆனால் அந்த இருபது வரி இல்லாததால் என்ன ஆகும் என்பது எனக்கு அனுபவம். என் முதல் வேலை பாரிமுனையில் ஒரு க்ளியரிங் ஆபீசில். ஒருநாள் மாலை இரண்டு எண்ணை இடம் மாற்றி அடித்துவிட்டேன். ஆபீசில் இருந்த சாஃப்ட்வேர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. தப்பு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது; பெட்டி அதுவரை யார்டில் கிடந்தது, வாடகை ஏறியது, நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் நல்ல புரோகிராமராகவே இருந்திருக்கலாம். கட்டத்துக்குள் இருக்கும் எண் எதற்கு என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஐ.டி. வேலை என்றால் அது தரமணியில் தொடங்கி சிறுசேரியில் முடிகிறது என்று நம் வட சென்னையில் ஒரு நம்பிக்கை. 2000 ஜூலையில் டைடல் பார்க் திறந்த நாளிலிருந்து வேரூன்றியது இது. அங்கேயும் போகலாம், தடையில்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கே விம்கோ, அஜாக்ஸ் என்று கம்பெனிப் பெயர் வைத்திருக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, ஷிப்ட், யார்டு, கேட் பாஸ், பாய்லர், டெமரேஜ் எல்லாம் வீட்டில் அடிபடும் சொற்கள். வேறிடத்துப் பட்டதாரி ஆறு மாதம் உட்கார்ந்து கற்க வேண்டியது இது. கணினிப் படிப்பை இதன்மேல் ஏற்றுங்கள் என்பதுதான் என் கட்சி.

உங்களுக்கு எது ஒத்துவரும்?

மேலே போட்ட கணக்கு உங்களுக்குள் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். உடனே கணினியில் எழுதிப் பார்க்கக் கை பரபரத்தால் புரோகிராமிங். "எழுத்தைச் சின்ன எழுத்தில் அடித்தால்? நடுவில் இடம் விட்டால்? வெறுமனே என்டர் தட்டினால்?" என்று கேட்கத் தோன்றினால் டெஸ்டிங், அந்தக் குணத்தை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. "கேட்டில் படித்த இந்த எண் அடுத்து எங்கே போகிறது?" என்று தோன்றினால் நெட்வொர்க், சிஸ்டம்ஸ், டேட்டாபேஸ் பக்கம். "இந்த எண்ணை யாராவது வேண்டுமென்றே மாற்றினால்?" என்று தோன்றினால் பாதுகாப்பு. எதுவுமே தோன்றாமல் கணக்கு அலுப்பாக இருந்ததா? அதுவும் நல்ல செய்திதான். நான்கு வருஷமும் லட்சக்கணக்கில் பணமும் போனபிறகு தெரிவதைவிட, தெருவில் நின்று அரைமணி நேரத்தில் தெரிந்துகொண்டது லாபம். இங்கே ஐ.டி. தவிர வேறு வேலை இல்லையா என்ன.

பெட்டி போகும் வழி

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. 2001இல் அது தனியார் கைக்குப் போனது, 2009இல் இரண்டாவது முனையம். எண்ணூரில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க 2001இல் தொடங்கிய துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் என்ற பெயரில் கார்களும் கன்டெய்னர்களும் ஏற்றுகிறது. வடக்கே காட்டுப்பள்ளி 2013இல் வந்து சேர்ந்தது. ஆக, நம் கடற்கரையில் மூன்று துறைமுகங்கள். மூன்றிலும் பெட்டி நகர்வதற்கு முன்னால் அதைப் பற்றிய செய்தி நகர்ந்தாக வேண்டும்.

ஏற்றுமதி என்றால் ஷிப்பிங் பில், இறக்குமதி என்றால் பில் ஆஃப் என்ட்ரி. க்ளியரிங் ஏஜென்ட் இரண்டையும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் தாக்கல் செய்கிறார். துறைமுகம், கப்பல் கம்பெனி, ஏஜென்ட் எல்லோரையும் ஒரே இடத்தில் இணைக்க 2018இல் பி.சி.எஸ்.1எக்ஸ் வந்தது. முனையத்துக்குள் எந்தப் பெட்டிக்கு மேல் எந்தப் பெட்டியை அடுக்குவது என்பதை டெர்மினல் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தீர்மானிக்கிறது. உலகத்தின் பெரிய முனையங்கள் பலவற்றில் ஓடுவது நேவிஸ் என்4. கப்பலில் எந்தப் பெட்டி எந்தக் குழியில் இருக்கிறது என்று சொல்லும் செய்திக்கு பேப்ளை என்று பெயர். கேட்டில் பெட்டி நுழைந்தது, வெளியேறியது என்று சொல்வது கோடெக்கோ. இரண்டும் எடிஃபாக்ட் என்ற ஐ.நா. முறையில் எழுதப்படுபவை. முதல்தடவை பார்த்தால் தலை சுற்றும். கூட்டல் குறியும் மேற்கோள் குறியுமாக ஒரே இரைச்சல். பத்து நாள் பழகினால் பத்திரிகை படிப்பதுபோல் படிக்கலாம்.

இந்த வேலைகளுக்கு விளம்பரத்தில் ஐ.டி. என்று போடமாட்டார்கள். இ.டி.ஐ. (மின்னணுத் தரவுப் பரிமாற்ற) எக்சிக்யூட்டிவ், சிஸ்டம்ஸ் சப்போர்ட், யார்டு பிளானர், டாக்குமென்டேஷன் என்றெல்லாம் போடுவார்கள். அந்தப் பெயர்களில் தேடுங்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு மாடிகளிலும், மணலி சுற்றுவட்டாரத்து சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் சரக்கு யார்டுகளிலும் இந்த நாற்காலிகள் இருக்கின்றன. முதல் சம்பளம் தரமணி, சிறுசேரி கம்பெனிகளைவிடக் குறைவாகவே இருக்கலாம், ஏசி சுமாராக இருக்கும், மாத முடிவில் வீட்டுக்கு வர நேரமாகும். இரண்டு மூன்று வருஷம் அங்கே ஊறியபிறகு, ஷிப்பிங் சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனியின் நேர்காணலில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஜாவா பேசுவார். நீங்கள் ஜாவாவும் பேசி, பெட்டி ஏன் நகரவில்லை என்பதையும் பேசுவீர்கள்.

பாதுகாப்புப் பக்கம் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கதை. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சு நிரல் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியைப் பிடித்தது. உலகெங்கும் அந்தக் குழுமம் நடத்திய முனையங்கள் முடங்கின. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்த முனையமும் அதில் ஒன்று. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று மெர்ஸ்க் தலைவரே பிறகு டாவோஸில் சொன்னார். கிரேன் நன்றாக இருக்கிறது, கப்பல் நன்றாக இருக்கிறது, லாரி வாசலில் நிற்கிறது. எந்தப் பெட்டி யாருடையது என்பது மட்டும் தெரியவில்லை. துறைமுகத்தில் சைபர் பாதுகாப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பாய்லர் பக்கம்

டிப்ளமாவில் எலெக்ட்ரிகலோ இன்ஸ்ட்ருமென்டேஷனோ படித்தவர்கள், "நமக்கு ஐ.டி. இல்லை" என்று முடிவுகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தப்பு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலிருந்து ஓடி 2017இல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே, வட சென்னை அனல்மின் நிலையத்தில் 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. பழைய நிலையம் தொடங்கியதற்கும் இந்த அலகு திறந்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் கன்ட்ரோல் ரூம் ஆளே மாறிவிட்டது. வால்வைத் திறக்கும் முடிவை பி.எல்.சி., டி.சி.எஸ்., ஸ்காடா என்ற கணினிகள் எடுக்கின்றன. மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் உரத்தொழிற்சாலையிலும் இதே கதைதான்.

பி.எல்.சி. நிரலை ஏணிப் படம்போல வரைவார்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் வயரிங் தெரிந்தவனுக்கு அது பாதி தெரிந்த மாதிரி. பழக விலை உயர்ந்த பெட்டி எதுவும் வேண்டாம், ஓப்பன்பி.எல்.சி. என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் போட்டு, மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும் என்ற ஒரே கணக்கை எழுதுங்கள். அப்புறம் நெட்வொர்க்கிங் அடிப்படை. அதற்குப்பின் ஆலைக் கணினிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62443 தரநிலை எதைப் பற்றியது என்று ஒரு பார்வை. ஐ.டி. படித்தவருக்கு வால்வு தெரியாது, வால்வு தெரிந்தவருக்கு நெட்வொர்க் தெரியாது. இரண்டும் தெரிந்தவரைத் தேடி ஆள் அனுப்புகிறார்கள். ஒரு எச்சரிக்கை: வேலைக்கோ பயிற்சிக்கோ சேர்ந்த இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் நெட்வொர்க்கில் எதையும் "சும்மா ஸ்கேன் பண்ணிப் பார்க்க" வேண்டாம். வேலை போவது அதில் சின்ன நஷ்டம்.

காற்றின் கணக்கு

டேட்டா சயின்ஸ் என்ற பெயரில் நம் தெருக்களில் ஏகப்பட்ட விளம்பரப் பலகை. பெரும்பாலான பயிற்சி மையங்கள் எங்கோ டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார் என்ற தரவைக் கொடுத்துப் பழக்குகின்றன. நமக்கு எதற்கு டைட்டானிக்? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபின், கரையொதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளிய கரை இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள்.

மணலி, ராயபுரம், கொடுங்கையூர் மூன்றிலும் காற்றின் தரத்தை இடைவிடாமல் அளக்கும் நிலையங்கள் உள்ளன. அந்தத் தரவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்திலிருந்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு வருஷத் தரவை எடுங்கள். நுண்துகளான பி.எம். 2.5க்கு 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ராயபுரத்தில் எத்தனை நாள் அது தாண்டியது? காலை ஏழு மணிக்கா, நள்ளிரவிலா? மணலியில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும்போது ஏறுகிறது? இதைச் செய்யும்போது கோப்பில் வெற்றிடங்கள் வரும். கருவி நின்றுபோன மணி நேரங்கள். அந்த வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று போட்டுவிட்டால் மணலியின் காற்று ஊட்டிபோல ஆகிவிடும். அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பதில்தான் டேட்டா வேலையின் பாதி இருக்கிறது. நேர்காணலில் இதைச் சொல்லிக் காட்டும் ஆளையும் சான்றிதழ் மட்டும் நீட்டும் ஆளையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள்.

ஏ.ஐ. வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: செக் டிஜிட் நிரலை ஏ.ஐ. ஒரு நொடியில் எழுதிவிடும், உண்மைதான். அதை எழுதச் சொல்லவேண்டும் என்று தெரிய ஒரு ஆள் வேண்டும். வந்த விடை 11, 22, 33ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கவும் அதே ஆள் வேண்டும்.

படிப்பும் பணமும்

பத்தாவதோடு நிற்பவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.யில் கோபா என்று ஒரு வருஷக் கணினிப் பிரிவு உண்டு. இரண்டு வருஷ ஐ.டி.ஐ. பிரிவு முடித்து டிப்ளமா இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமா முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். வீட்டில் உடனே வருமானம் தேவை என்றால் இந்தப் படிக்கட்டு நல்லது, சம்பாதித்துக்கொண்டே ஏறலாம்.

பிளஸ் டூ முடித்தவர்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது; அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கான சான்றைக் கவுன்சலிங்குக்கு முன்பே வாங்கி வையுங்கள், கடைசி நாளில் ஓடாதீர்கள். பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்பவர்கள் தங்களை மட்டம் என்று நினைக்க வேண்டாம். விப்ரோ போன்றவை அவர்களைச் சேர்த்துக்கொண்டு, வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கின்றன. ஜோஹோ ஸ்கூல்ஸ், பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களை எடுத்து உதவித்தொகையோடு பயிற்சி தருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை, தகுதிச்சுற்றுப் பாடங்களைத் தேறினால் போதும், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். கடினமான படிப்பு, மாலையில் சும்மா பார்த்துக்கொள்ளலாம் என்று சேராதீர்கள்.

கையில் காசே இல்லாதவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போகன் டுடோரியல் தமிழ்க் குரலிலேயே லினக்ஸும் பைத்தானும் சொல்லித்தருகிறது. கணியம் தளத்தில் தமிழில் இலவச மின்னூல்கள் கிடைக்கும். என்.பி.டெல். இணையப் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கும்போது, பேட்டரி எத்தனை நிமிஷம் நிற்கிறது என்பதைக் கடையிலேயே நின்று பாருங்கள். ராம் 8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். வீட்டில் உட்கார இடமில்லையா? கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களில் குறைந்த கட்டணத்துக்கு மேசையும் இணையமும் கிடைக்கும்.

ஆங்கிலம் பற்றி ஒரே வார்த்தை. நம் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். அதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணத்தைக் கொட்ட வேண்டாம். அன்று செய்த வேலையைத் தினமும் ஐந்து வரியில் ஆங்கில மின்னஞ்சலாக எழுதுங்கள். ஆறு மாதத்தில் பேச்சு தானாக வரும்.

போக வர

விம்கோ நகர் மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தபிறகு கிண்டியும் விமான நிலையமும் கிட்டத்தில் வந்துவிட்டன. டைடல் பார்க் என்றால் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கலாம். சிறுசேரி நமக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே வேலை கிடைத்தால் போக்குவரத்தில் போகும் மூன்று நாலு மணி நேரத்தையும் சம்பளத்திலிருந்து கழித்துப் பாருங்கள். பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவரின் சம்பளம் பல வருஷமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அம்பத்தூர் ஐ.டி. கட்டடங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் ஆட்கள் ஏனோ அதை மறந்துவிடுகிறார்கள். இரவு ஷிப்ட் என்றால் வண்டி வீட்டு வாசல்வரை வருமா, மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா என்பதைச் சேருமுன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், குறிப்பாகப் பெண்கள்.

பணம் கேட்டால்

டெபாசிட், பயிற்சிக் கட்டணம், பேக்டோர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் வேலைக்காகப் பணம் கட்ட வேண்டாம். தெரிந்தவர், சொந்தக்காரர், ஏரியா அண்ணன் யார் சொன்னாலும் சரி. ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவராதீர்கள். சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்தால் மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் கம்பெனியின் சொந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வரும் நேர்காணலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே அழையுங்கள். மோசடிக்காரரின் கணக்கிலிருந்து பணம் வெளியேறும் முன் அழைத்தால்தான் அதை முடக்க முடியும்.